தேத்தண்ணிக் கறையிலும் சித்திரம்

(பிள்ளைக்காம்பரா பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



பிள்ளை தாளில் எதையாவது பூசிக்கொண்டு வந்தால், "இது என்னா கிறுக்கல்?" என்று கிழித்துப் போடுகிறோம். அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளை நம்மிடம் ஒன்றும் காட்டாது.

மாடா, மரமா என்று தெரிந்தால்தான் படம் என்பதில்லை. 1901இல் நம்ம கண்டியிலேயே பிறந்த ஜோர்ஜ் கீற் வரைந்த முகங்களில் நேர்ப்பார்வையும் பக்கப்பார்வையும் ஒன்றாகவே இருக்கும். ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைக் கறையாலேயே நம் தொழிலாளர் வாழ்க்கையைச் சித்திரமாக்கியிருக்கிறார்.

பெயின்ட் வாங்கக் காசில்லையே என்பீர்கள். மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும். ஆரத்தி எடுக்கிற உங்களுக்கு நாம் சொல்லவா வேணும்? கடும் தேத்தண்ணியில் துருப்பிடித்த ஆணியை ஊறவைத்தால் கறுக்கும். (ஆணியைப் பெரியவர்கள்தான் தொடணும். அந்தத் தண்ணியைக் குடிக்க விடாதீங்க.)

ஒரு வேடிக்கை பாருங்க. ஒரே சாம்பல் தாளில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைக் கறுப்பின் மேலும் மற்றதை வெள்ளையின் மேலும் வையுங்க. கறுப்பின் மேல் இருப்பது வெளிறித் தெரியும். பிரான்சில் ஒரு சாயச்சாலைக்குப் பொறுப்பாயிருந்த செவ்ரல், கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று முறைப்பாடு வந்தபோது, நூலில் பிழையில்லை, பக்கத்து நிறம்தான் கண்ணை மாற்றுகிறது என்று கண்டு, 1839இல் புத்தகமே எழுதினார்.

கொழுந்துப் பச்சையையும் முற்றிய இலைப் பச்சையையும் தூரத்திலேயே பிரிக்கிற கண் உங்களுக்கு. பிள்ளைக்கும் அதைப் பழக்குங்க. அடுத்த கூட்டத்துக்கு டொபித் தாள், நூல், சாக்குத் துண்டு கொண்டுவாங்க. பிள்ளை செய்ததை லயத்துச் சுவரில் ஒட்டி வைத்து, "எப்படிச் செஞ்ச?" என்று கேளுங்க.