இணையவழிப் பயிலரங்கும் குழந்தை நூலாக்கமும்



குழந்தைகளுக்கு எழுதுவது எளிது என்னும் எண்ணம் தமிழுலகில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. எழுதிப் பார்த்தவர்கள் மட்டும் அவ்வாறு சொல்வதில்லை. வங்கிப் பணியில் இருந்துகொண்டே குழந்தைப் பாடல்களைப் படைத்த அழ. வள்ளியப்பா, 1950-ஆம் ஆண்டில் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். குழந்தைக்கென எழுதுவோர் கூடிப் பேசவும் எழுதியதைச் செப்பம் செய்யவும் அதனால் ஓர் இடம் கிடைத்தது. அன்று கூடுவதென்றால் ஊர்விட்டு ஊர் வருதல் வேண்டும். இன்று வீட்டின் ஒரு மூலையில் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்தாலே கூடியாயிற்று.

இம்மாற்றம் திடீரென வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகள் மீண்டும் திறக்க 2021 நவம்பர் ஆகிவிட்டது. எழுத்தை மறந்த குழந்தைகளுக்காக 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. மாலை வேளைகளில் திண்ணையிலும் மரத்தடியிலும் சிறு குழுக்களுக்குப் பாடம் சொல்ல ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் முன்வந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். பாடநூலைக் கண்டு மிரளும் பிள்ளையிடம் கொடுக்க வேறு நூல் வேண்டும் என்பதை முதலில் உணர்ந்தவர்கள் இத்தகையோரே. 2023-இல் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என நான்கு படிநிலைகளில் 53 சிறு நூல்களை வெளியிட்டது. பெயரிலேயே குழந்தையின் நடை தெரிகிறது, நல்ல பெயர். இத்தகைய நூல்களை யார் எழுதுவது, எழுதக் கற்பது எங்கே என்னும் வினாக்களுக்கு இணையவழிப் பயிலரங்கு ஒரு விடையாக அமைந்தது.

அதன் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. மலையூர் ஒன்றில் ஓராசிரியர் பள்ளியை நடத்துபவர், அதைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கு வர இயலாது. இரவுச் சமையலை முடித்த பிறகே ஏடெடுக்கும் ஆசிரியைக்கு எட்டரை மணிக்குத் தொடங்கும் திரைக்கூடமே வாய்ப்பு. பதினாறு பக்கத்தைக் கதைக்குப் பங்கிடும் முறை, படம் சொல்வதைச் சொல்லும் மறுபடி சொல்லாதிருத்தல், படிநிலைக்கேற்பச் சொற்களை அளத்தல் ஆகியவற்றைத் திரைவழியே செம்மையாகக் கற்பிக்கலாம். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் முதல்நிலைக் கதை 250 சொற்களுக்கு உட்பட்டது. அவ்வளவுக்குள் ஒரு கதை தொடங்கி முடிய வேண்டும் என்றால் உரைநடை எழுதிப் பழகியவர்க்கு வியர்க்கும். வெண்பா எழுதிப் பழகியவர்க்கு அவ்வளவு வியர்க்காது.

ஆசிரியர் எழுதும் முதற்படிகளில் நீதி மிகுந்திருக்கும். அதைக் களைவது எளிது. கடைசிப் பக்கத்தைக் கிழித்தால் பெரும்பாலும் போதும்.

கடினமானது வேறு. கற்பிப்பவர் கேட்பது, குழந்தையால் எழுத்துக்கூட்டிப் படிக்க இயலும் சொல். ப, ட, ம என்னும் மூன்றெழுத்து அறிந்த பிள்ளைக்குப் படம், பட்டம், மடம் போன்ற சொற்களே சொத்து. கவிஞர் கேட்பதோ, குழந்தை நாவிலிட்டு உருட்டி மகிழும் சொல். 'கிடுகிடு'வும் 'சலசல'வும் முதல்நிலைப் பட்டியலில் இடம்பெறாமற் போகலாம். ஆயினும் அவற்றைக் கேட்கவே பிள்ளை மறுபடியும் பக்கத்தைத் திருப்பும். அளந்த சொற்களால் மட்டும் எழுதிய நூல் படிக்கத்தக்கதாக இருக்கும், படிக்கத் தூண்டாது. ஓசையை மட்டும் நம்பிய நூலைப் பெரியவர் படித்துக் காட்டினால்தான் உண்டு. இவ்விரண்டும் சேருமிடம் சந்தம். சந்தம் தெரிந்த பிள்ளை அடுத்த சொல்லை முன்னரே ஊகித்துவிடும். ஊகித்த சொல்லை எழுத்தில் கண்டுகொள்வது எளிது.

திரைக்கூடம் தடுமாறுவதும் இங்கேதான். ஒருவர் குரல் மற்றவரை அடைவதற்குள் ஒரு நொடியின் சிறு பங்கு கழிந்துவிடும். பேச்சில் அது தோன்றாது. கைதட்டிப் பாடினால் உடனே தோன்றிவிடும். இருபது பேர் சேர்ந்து ஒரு கும்மிப் பாட்டைப் பாட முயன்றால் இருபது பாட்டாகச் சிதறும். ஆகவே ஒருவர் பாட, ஏனையோர் ஒலியை அடைத்துக்கொண்டு தம் வீட்டிலேயே தட்டுகிறார்கள். பாடுபவர்க்கு எந்தத் தட்டும் கேட்பதில்லை. குழந்தைப் பாட்டு எங்கே இடறுகிறது என்பதைக் காட்டுவது அந்தத் தட்டே அல்லவா?

ஆசிரியரே பிள்ளைகளுக்கு நூல் எழுதிய மரபு உலகில் புதிதன்று. ருசிய நாட்டில் டால்ஸ்டாய் 1859-இல் தம் ஊராகிய யாஸ்னயா பொல்யானாவில் உழவர் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். ஒரு பழமொழியைக் கொடுத்துக் கதை எழுதச் சொன்னார். பிள்ளைகள் தயங்கவே தாமே தொடங்கினார். சிறுவர் சூழ்ந்துகொண்டு, இது இப்படி நடக்காது, இவன் இப்படிப் பேசமாட்டான் என்று திருத்தலாயினர். அவர் எழுதுபவரானார், அவர்கள் ஆசிரியர்களானார்கள். எழுதக் கற்பது யார் யாரிடம் என்று வினவி 1862-இல் அவர் எழுதிய கட்டுரை இதன் விளைவு. அவருடைய 'அரிச்சுவடி' வந்தது 1872-இல். அதையும் விடாது திருத்தி எளிமையாக்கி 1875-இல் புதிதாக வெளியிட்டார். பெருங்காவியம் அனைய 'போரும் அமைதியும்' எழுதி முடித்த கை அது என்பது கவிஞர்கள் கருதத்தக்கது.

அவரைச் சூழ்ந்த பிள்ளைகள் திரைக்கூடத்தில் இல்லை. பயிலரங்கை இரு அமர்வாகப் பிரித்து, இடையில் ஒரு வாரம் விடுதலே இதற்கு ஏற்ற வழி. முதல் அமர்வில் எழுதியதை எடுத்துக்கொண்டு ஆசிரியர் தம் பிள்ளைகளிடம் செல்லுதல் வேண்டும். தாம் படித்துக் காட்டாமல் பிள்ளையைப் படிக்க விட்டு, எங்கே விரல் நின்றது, எங்கே கண் படத்திற்குத் தாவியது, எங்கே சிரிப்பு வந்தது என்பவற்றை ஓரத்தில் குறித்து வருதல் வேண்டும். இரண்டாம் அமர்வில் பேசவேண்டியது அந்தக் குறிப்பையே, எழுதியவரின் விளக்கத்தையன்று. விளக்கம் சொல்ல எழுத்தாளர் நூலோடு கூடவே செல்ல முடியாது.

ஒரு முதற்படி இவ்வாறு தொடங்குவதாகக் கொள்ளலாம்: "வானத்தில் பறந்துகொண்டிருந்த காகம் தன் குஞ்சுகளுக்கு உணவளிக்க விரும்பியது." இலக்கணம் பழுதற்றது. ஆனால் பிள்ளையின் விரல் 'பறந்துகொண்டிருந்த' என்னும் பத்தெழுத்துச் சொல்லின் நடுவில் நிற்கும். 'உணவளிக்க' வருமுன் குஞ்சின் நினைவே போய்விடும். ஓரக்குறிப்போடு திரும்பிய ஆசிரியை அதை நான்கு பக்கமாகப் பிரிக்கிறார். குஞ்சுக்குப் பசி. காக்கா பறந்தது. குஞ்சுக்குப் பசி. காக்கா வந்தது. 'காகம்' என்பதே தகும் என்று ஒருவர் வாதிடுவார். பிள்ளை வீட்டில் சொல்வது காக்கா என்று மற்றொருவர் மறுப்பார். அவ்வாதம் நடக்கட்டும். ஐந்தாம் பக்கத்தில் காக்கையின் வாயில் என்ன இருக்கிறது என்று எழுதாமல் விட்டுப் பக்கத்தைத் திருப்பச் சொன்னால், திருப்புமுன்னரே வகுப்பு முழுவதும் 'வடை' என்று கூவும்.