அடுக்குக்கு ஒரு தலைமைப் பெட்டி



நம் தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் இன்று கணினிகளை இணைக்கும் தொழிலைப் பயில்கிறார்கள். அத்தொழிலில் கற்க வேண்டிய பாடம் ஒன்றைப் பற்றி இன்று பேசுவோம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே கேளுங்கள்.

ஓர் அலுவலகத்தில் நூறு கணினிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றின் கம்பிகளெல்லாம் வந்து சேரும் பெட்டிக்கு 'சுவிட்ச்' என்று பெயர். இது விளக்கு ஏற்றும் சுவிட்ச் அன்று. ஒரு கணினி அனுப்பும் செய்தியை உரிய கணினியிடம் சேர்ப்பதே இதன் வேலை. ஒரு பெட்டியில் பெரும்பாலும் 24 அல்லது 48 துளைகள் இருக்கும். அவை போதாதபோது பல பெட்டிகளைத் தனிக் கம்பிகளால் பிணைத்து, ஒரே பெட்டிபோல் இயங்கச் செய்வார்கள். இதுவே அடுக்கு. சிஸ்கோ நிறுவனத்தின் கேட்டலிஸ்ட் 9300 வகையில் 8 பெட்டிகள் வரை இவ்வாறு சேர்க்கலாம்.

பெரட்டில் எத்தனை பேர் நின்றாலும், வேலையைப் பிரித்துக் கொடுக்க ஒரு மண்டோர் வேண்டுமல்லவா? அடுக்கிலும் அப்படித்தான். ஒரு பெட்டி தலைமை ஏற்கும். இன்னொன்று துணையாகக் காத்திருக்கும். தலைமைப் பெட்டி பழுதானால் துணைப் பெட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும்.

தலைமையை எப்படி முடிவு செய்வது? ஒவ்வொரு பெட்டிக்கும் 1 முதல் 15 வரை ஒரு முன்னுரிமை எண் உண்டு. பெரிய எண் உள்ள பெட்டியே தலைமை பெறும். நாம் ஒன்றும் செய்யாவிட்டால் எல்லாப் பெட்டிகளுக்கும் எண் 1 தான். அப்போது எது முந்தித் தயாராகிறதோ, எதன் மேக் முகவரி சிறியதோ, அது தலைமையைப் பிடித்துக்கொள்ளும். அது பழைய பெட்டியாகவும் இருக்கலாம். தலைமையைத் தற்செயலுக்கு விடுவது நல்ல தொழிலாளிக்கு அழகன்று.

ஆகவே முறையாகச் செய்யுங்கள். முதலில், எல்லாப் பெட்டிகளிலும் ஒரே பதிப்பு மென்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கும், கடைசிப் பெட்டியிலிருந்து மீண்டும் முதல் பெட்டிக்குமாக, வளையம்போல் கம்பியைப் பிணையுங்கள். ஒரு கம்பி அறுந்தாலும் செய்தி மறுபக்கமாகச் சுற்றிப் போய்விடும். பிறகு, 'சுவிட்ச் 1 பிரையாரிட்டி 15' என்று கட்டளையிடுங்கள். துணைப் பெட்டிக்கு 14 கொடுங்கள். ஏற்கனவே தலைமையில் உள்ள பெட்டி உடனே விலகாது. அடுக்கை மறுபடி இயக்கும்போதுதான் புதிய எண் செல்லுபடியாகும். இறுதியாக, 'ஷோ சுவிட்ச்' என்ற கட்டளையால் எது தலைமை என்று சரிபாருங்கள்.

இன்னொன்றை மறவாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் அடுக்கில் புதிய பெட்டியைச் சேர்க்கும்போது, முதலில் அதன் மின்சாரத்தை நிறுத்துங்கள். கம்பியைப் பிணைத்த பிறகே மின்சாரம் கொடுங்கள். இயங்கும் நிலையில் சேர்த்தால் இரண்டு தலைமைகள் மோதும். தோற்ற பக்கத்துப் பெட்டிகள் அணைந்து மறுபடி இயங்கத் தொடங்கும். தோற்றது பழைய அடுக்காக இருந்தால், அலுவலகம் முழுவதும் வேலை நின்றுபோகும். சம்பளக் கணக்கு எழுதுபவரும், மருந்துச் சீட்டுப் பதிபவரும் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

பிள்ளைகளே, பெட்டிகள் எளிதில் கிடைக்கும். பொறுப்பை முன்கூட்டியே வகுத்து வைக்கும் புத்தியைத்தான் நாம் பழகிக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கம் உள்ளவரை நம்பி எவரும் வேலை கொடுப்பார்கள்.