ஒரு பிள்ளையின் படிப்பும் ஓர் ஊரின் கடமையும்





ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ர் யுத்தம் முடிந்தது. மதீனாவின் புதிய அரசு அப்போது பொருள் வளம் குன்றியிருந்தது. ஆயினும் ஈட்டுத்தொகை செலுத்த இயலாத, எழுத்தறிவு பெற்ற கைதிகள் மதீனாச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதப் படிக்கக் கற்பித்து விடுதலை பெறலாம் என நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். யுத்தத்திலிருந்து மீளும் சமூகத்திற்குக் கல்வி எத்துணை அவசியம் என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

நமது கல்முனை மண்ணும் இவ்வுண்மையைக் கண்டதே. இரண்டாம் உலக யுத்தம் நடந்த 1942இல், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு இங்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் மர்ஹூம் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். நெல் விளைச்சலைக் கவனிக்க வந்த அவர், நம் பிள்ளைகளின் கல்வி வறுமையையும் கண்டார். இங்கு கல்விச் சங்கமொன்றை அமைத்தார். அதன் தொடர்ச்சியாக 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவாயிற்று. நாடு சுதந்திரம் பெறுவதற்கு மூன்றாண்டுகள் முன்னரே வறிய மாணவரைக் கைதூக்கிவிட ஏற்பாடு செய்த முன்னோர் நம் முன்னோர்.

“1945 முதல் கல்வி இலவசந்தானே? 1980 முதல் பாடநூலும், 1993 முதல் சீருடைத் துணியும் அரசு வழங்குகின்றதே?” என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆயினும் கொப்பி, பாதணி, பஸ் கட்டணம், பிரத்தியேக வகுப்பு ஆகியவற்றை யார் தருவார்? தந்தையை இழந்த வீட்டில் மூத்த மகன் கரைவலைக்கோ கடைக்கோ சென்றால் அன்றே அடுப்பெரியும். பாடசாலைக்குச் சென்றால் பல்லாண்டு காத்திருக்க வேண்டும். க.பொ.த. சாதாரண தரத்தை எட்டு முன்னரே பிள்ளையின் படிப்பு நின்றுபோவது இவ்விடத்தில்தான்.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி நம் கரையோர ஊர்களை அழித்தது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. வீடுகளைக் கட்டினோம், பள்ளிவாசல்களைப் புதுப்பித்தோம். பிள்ளையின் படிப்போ ஒருமுறை கொடுத்து முடிக்கும் உதவியன்று. ஆண்டுத் தொடக்கத்தில் பத்துக் கொப்பி கொடுத்துப் புகைப்படம் எடுப்பதால் அது நிறைவேறாது. அப்புகைப்படம் அப்பிள்ளையின் மானத்தையும் புண்படுத்தும். செய்த தருமத்தைச் சொல்லிக்காட்டுவது அதன் நன்மையை அழிக்கும் என அல்குர்ஆன் எச்சரிப்பதை மறவாதீர்கள்.

ஆகவே ஒவ்வொரு மஹல்லாவிலும் பள்ளிவாசல் நிர்வாகம் பாடசாலை அதிபரோடு கலந்து, படிப்பை நிறுத்தும் நிலையிலுள்ள பிள்ளைகளை இரகசியமாக அறியட்டும். வசதியுள்ள ஒரு குடும்பம், அல்லது சேர்ந்து நாலைந்து குடும்பங்கள், ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்கட்டும். ஆணாயினும் பெண்ணாயினும் பரீட்சை முடியும்வரை மாதந்தோறும் உதவி சென்று சேரட்டும். ஸகாத் பெற உரியோரில் வறியவரும் உளர். ஸதகாவுக்கோ எல்லையே இல்லை.

யுத்தச் சூழலில் படிப்பிழந்த பல்கலைக்கழக மாணவரின் தேவையை முன்னிட்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் தோற்றம் பெற்றது. இன்று அது ஒலுவிலில் நிமிர்ந்து நிற்கின்றது. அதன் வாசல்வரை நம் அயல்வீட்டுப் பிள்ளையை நடத்திச் செல்வது நம் கடமை.

வல்ல அல்லாஹ் அதற்கு நமக்கு அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.