சாம்பல் யாருக்குச் சொந்தம்?

ஆக்ஸ்போர்டு என்றதும் கல்விக்கூடங்கள்தாம் நம் நினைவுக்கு வரும். அந்நகரின் வடக்கு வாயிலுக்கு வெளியே, 1555-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், பெருந்தீ ஒன்று மூட்டப்பட்டது. கம்பத்தில் பிணைக்கப்பட்டிருந்தோர் இருவர். ஒருவர் லாட்டிமர், தள்ளாத முதியவர். மற்றவர் ரிட்லி, லண்டன் பிஷப்பாக இருந்தவர்.

கொலை செய்தனரா? கொள்ளையடித்தனரா? இல்லை! போப்பாண்டவரின் தலைமையை ஏற்க மறுத்தனர். பூசையில் அப்பம் ஏசுவின் உடலாகவே மாறுகிறது என்பதை மறுத்தனர். மறுத்த வாய்க்குத் தீ மருந்தாம்!

அரியணையில் அன்று மேரி அரசி. ஐந்தாண்டு ஆட்சியில் எரிக்கப்பட்டோர் ஏறத்தாழ 280 பேர். பேராயர் கிரான்மரை அச்சுறுத்தி, அவர் தம் கொள்கையைக் கைவிட்டதாகக் கையெழுத்துப் பெற்றனர். பிறகும் எரிக்கவே துணிந்தனர். 1556 மார்ச் 21! மன்னிப்புக் கேட்பார் என்று கூடியிருந்தோர் முன், எழுதியதெல்லாம் பொய் என்றார் கிரான்மர். கையெழுத்திட்ட வலக்கரத்தையே முதலில் தீயில் நீட்டினார். மேரி வாங்கிய கையெழுத்து எரிந்தது. கிரான்மரின் கதை நின்றது!

1558-இல் மேரி மறைந்தாள். எலிசபெத் முடிசூடினாள். அயல்நாட்டுக்கு ஓடிப் பிழைத்திருந்த ஜான் ஃபாக்ஸ் தாயகம் திரும்பி, எரிந்தோர் வரலாற்றை எழுதினார். 1563-இல் வெளிவந்தது அந்தப் பெருநூல். படிக்கத் தெரியாதவனுக்கும் பதைபதைப்பூட்டும் படங்களுடன்! 1571-இல், தலைமைக் கோயில்தோறும் அதனை வைத்திடுக என்று திருச்சபை மாமன்றம் கட்டளையிட்டது. நேற்றுவரை மதத்துரோகி, இன்று இரத்தசாட்சி!

இன்னொன்று கேளுங்கள். லாட்டிமர் தீயில் நின்று முழங்கியதாக உலகறிந்த மெழுகுவர்த்தி உரை, 1563 பதிப்பில் இல்லை; 1570 பதிப்பிலேதான் ஏறிற்று. செத்தவர் பேசுவதில்லை, தோழர்களே, பேசவைக்கப்படுகிறார்!

எரித்தவர் தோற்றார், எரிந்தவர் வென்றார் என்று கைதட்டிக் கலைந்துவிடலாமா? கூடாது. கதையின் மறுபக்கத்தையும் பாருங்கள்.

1550-இல், மேரி அரியணை ஏறுமுன்னரே, ஜோன் போச்சர் என்ற பெண் லண்டன் ஸ்மித்ஃபீல்டில் எரிக்கப்பட்டாள். அவளைக் குற்றவாளி எனத் தீர்த்தோரில் ஒருவர் யார்? அதே கிரான்மர்! 1575-இல், எலிசபெத் ஆட்சியில், டச்சு மொழி பேசிய அகதிகள் இருவர் அதே ஸ்மித்ஃபீல்டில் எரிக்கப்பட்டனர். கோயில்தோறும் தியாகிகளின் நூல். திடலிலோ புதிய விறகு!

அன்று ஒருவர் அரசிக்கு மடல் விடுத்தார். இவர்கள் கொள்கை பிழையே. எனினும் தீயிடாதீர் என்று மன்றாடினார். அவர் வேறு யாருமல்லர், ஜான் ஃபாக்ஸ்! அவர் நூலைப் போற்றிய அரசு, அவர் வேண்டுகோளைப் புறந்தள்ளிற்று. ஆறாண்டு கழித்து, 1581-இல், கத்தோலிக்கப் பாதிரியார் கேம்பியன் இராஜத்துரோகி எனக் கொல்லப்பட்டார். ரோமாபுரிக்குக் கிடைத்தார் ஒரு தியாகி. 1970-இல் புனிதர் பட்டமும் சூட்டிற்று. மதத்துரோகிகளை எரிக்கும் அரச அதிகாரம் 1677-இல்தான் ஒழிந்தது.

ஆக்ஸ்போர்டில் 1843-இல் எழும்பியது தியாகிகள் நினைவுச் சின்னம். ஏறத்தாழ 300 ஆண்டு கழித்து ஏன் திடீர்ப் பாசம்? ஆங்கிலத் திருச்சபையைக் கத்தோலிக்க வழிக்கு இழுக்கிறார் என்று நியூமன் குழுவினர்மீது எழுந்த சினமே அக்கல்லை நாட்டிற்று. லாட்டிமருக்காக அன்று, நியூமனுக்கு எதிராக!

தோழர்களே! எந்த இயக்கத்துக்கும் தியாகிகள் உண்டு. அவர்தம் பெயரைச் சொன்னால் கூட்டம் கண்ணீர் சிந்தும். அந்தக் கண்ணீர் விலைமதிப்பற்றது, ஆதலின் ஆபத்தானது. மேடையேறுமுன் உங்கள் நெஞ்சை ஒருமுறை கேளுங்கள்: மாண்டவர் கேட்ட உரிமையை நான் மாற்றானுக்கும் அளிப்பேனா? அளிப்பேன் என்றால் அவர் பெயரைச் சொல்லுங்கள். சொல்ல உங்களுக்குத் தகுதியுண்டு. இல்லையேல், நீங்கள் தூக்கி நிற்பது தியாகியின் படமல்ல. அவரை எரித்தவன் ஏந்திய தீவட்டி!