சாரலுக்கு வர்றவங்க காத்து பாத்துட்டு வாங்க

ஆனி, ஆடி வந்தா தென்காசி ரோடு பூரா வெளியூர் வண்டிதான். குற்றாலத்துல தண்ணி விழுதான்னு நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டுக் கிளம்புறோம். டயர்ல காத்து எவ்வளவு இருக்குன்னு பாக்க மட்டும் மறந்துடுறோம்.

பங்க்ல "எவ்வளவு வைக்க, அண்ணாச்சி?"ன்னு தம்பி கேட்பான். "எப்பவும் வைக்கிறத வைப்பா"ன்னு சொல்லாதீங்க. டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டியில பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் இருக்கும். ஆள் குறைவா இருந்தா இவ்வளவு, முழு லோடுன்னா இவ்வளவுன்னு அதுல போட்டிருப்பாங்க. அஞ்சு பேரும் பைகளுமா வந்தா அது முழு லோடு. அப்போ பல வண்டிக்குப் பின் டயர்ல கூடுதலா வைக்கணும். டயர் மேல அச்சடிச்சிருக்கிற எண்ணைப் பாத்து வைக்காதீங்க. அது டயர் தாங்குற உச்ச அளவு.

காத்தைக் காலையில, டயர் குளிர்ந்திருக்கும்போதே பாக்கணும். மதுரையில 33 பவுண்டு வச்சுட்டு, ராஜபாளையம், புளியங்குடி தாண்டி கடையநல்லூர்ல நிறுத்திப் பாத்தா 37 காட்டலாம். ஓடின சூட்டுல காத்து விரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஏறிடுச்சேன்னு இறக்கிடாதீங்க. இறக்கினா, ராத்திரி குற்றாலக் குளிர்ல நின்ன வண்டியில மறுநாள் காலையில 29 கூட இருக்காது.

"மழை ரோட்டுக்குக் காத்தைக் குறைச்சா பிடிப்பு கிடைக்கும்"னு ஒரு பேச்சு இருக்கு. தயவுசெஞ்சு அதை நம்பாதீங்க. காத்து குறைஞ்சா டயரோட நடுப்பகுதி உள்வாங்கும், தண்ணியை ஒதுக்கித் தள்ளாது. 1960-கள்ல நாசா விமான டயர்களை வச்சு ஆராய்ஞ்சப்பவும் இதுதான் தெரிஞ்சது: அழுத்தம் குறையக் குறைய, குறைஞ்ச வேகத்துலயே டயர் தண்ணி மேல மிதக்கும். மிதந்துட்டா ஸ்டியரிங்கும் கேக்காது, பிரேக்கும் பிடிக்காது. ஆரியங்காவுலருந்து புளியரை எஸ் வளைவுல இறங்கும்போது, ஈர ரோட்டுல, எதிர்ல லாரி ஏறி வந்தா என்ன ஆகும்னு யோசிங்க.

ஓடாம நின்னாலே மாசம் ஒண்ணு, ரெண்டு பவுண்டு இறங்கும். நைட்ரஜன் அடிச்சிருந்தாலும் பாக்கத்தான் வேணும். மொட்டை டயரா இருந்தா மாத்திடுங்க. காத்து சரியா இருந்தும் பிரயோஜனமில்ல.

கிளம்புற அன்னைக்குக் காலையில, பக்கத்து பங்க்ல, ஸ்டெப்னியோட சேத்து அஞ்சு டயரையும் பாத்துடுங்க. பங்க்ல காத்துக்குக் காசு கிடையாது. பிள்ளைங்களை ஏத்திட்டு வர்றீங்க, அந்த அஞ்சு நிமிஷத்தை ஒதுக்குங்க.