நெய்வேலியில் எதை விற்கிறார்கள்?

உத்தமபாளையத்தில் நிலக்கரி கிடையாது. ஆனால் அரசு வேலைக்குப் படிக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பேச்சு.

நெய்வேலி நிறுவனத்தின் 10 விழுக்காட்டுப் பங்கை விற்க 2006இல் ஒன்றிய அரசு முடிவெடுத்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், கலைஞர் எதிர்த்தார், விற்பனை நின்றது. 2013இல் விற்பனை மறுபடி வந்தபோது தமிழ்நாடு அரசின் ஐந்து நிறுவனங்களே பங்குகளை வாங்கிக்கொண்டன.

இந்தக் காவல் கிடைக்காதது பால்கோ. 2001இல் அதன் 51 விழுக்காடு 551.5 கோடி ரூபாய்க்கு ஸ்டெர்லைட்டுக்குப் போனது. ஆம், தூத்துக்குடி ஸ்டெர்லைட்டேதான். கோர்பா தொழிலாளர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசமைப்பின் 14, 16ஆம் பிரிவுகள் ஊழியருக்குத் தரும் பாதுகாப்பு விற்பனைக்குத் தடையாகாது என்று அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையில் இடஒதுக்கீடு இருப்பதே அந்த 16இல்தான். அதை ஒழிக்க நாடாளுமன்றத்தில் சட்டம் தேவையில்லை, பாதிக்கு மேல் பங்கு கைமாறினால் போதும்.

நெய்வேலியில் இன்னும் எளிய வழி இருக்கிறது: ஒப்பந்தத் தொழிலாளி. சுரங்கத்தில் வேலை செய்தாலும் அவர் நிறுவனத்தின் ஊழியர் கணக்கில் வருவதில்லை. இடஒதுக்கீட்டுப் பதிவேட்டிலும் வருவதில்லை. பங்கு விற்பனைக்கு எதிராகக் கொடி பிடிக்கும் நம் சங்கங்கள் இதற்காக எத்தனை நாள் வேலைநிறுத்தம் செய்யும்?