விற்பதா, வைத்திருப்பதா?

(சங்கத்தின் திங்கட்கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நின்ற வெள்ளை அம்பாசடரை இக்காலனியில் அறியாதார் இலர். "அதனை என்ன செய்தீர்கள்?" என்று வினவுவோர் பலராதலின், அதனையே இன்றைய பேச்சின் பொருளாகக் கொள்ளுமாறு செயலாளர் பணித்தார். உடன்பிறந்தோர் மூவர் சார்பிலும் பேசுகின்றோம்.

தந்தையார் அவ்வண்டியை 1978-இல் வாங்கினார். காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் செய்த வண்டி, 1489 சி.சி. எஞ்சின், முன் இருக்கை ஒரே நீளப் பெஞ்சு, கியர்த் தண்டு ஸ்டியரிங்கின் பக்கத்தில். கோடை விடுமுறைகளில் ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாகபுரி, ஐதராபாத் வழியாக எங்களைச் சென்னை வரை சுமந்திருக்கின்றது. திரும்பும்போது காலடியில் ஊறுகாய் ஜாடி இருக்கும். ஜாடி ஒருமுறைதான் உடைந்தது. மணம் மூன்றாண்டு நின்றது.

பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகள் தில்லியில் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் ஆணையிட்டது. அதனைச் செயற்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் பணித்தது. அன்றுமுதல் வண்டி மரத்தடியை விட்டு நகரவில்லை. கார்த்திகை மாதத்துத் தில்லிக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு இவ்விதியைப் பழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. புகையைத் தூய்மை செய்யும் கருவி இந்நகரின் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமானது 1995-இல். எங்கள் வண்டியோ அதற்கு மிகவும் முற்பட்டது.

2021-இல் மத்திய அரசு வேறொரு விதி வகுத்தது. ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் வண்டியைத் தொன்மை வண்டியாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். ஆக, பதினைந்தைக் கடந்தால் கிழம், ஐம்பதைக் கடந்தால் கௌரவம். இடையிலுள்ள முப்பத்தைந்து ஆண்டுக்குப் பெயரில்லை! எங்கள் வண்டிக்கு ஐம்பது நிறைவது 2028-இல்.

தாயார் இதனைப் பற்றிக்கொண்டார். "அதுவரை நிற்கட்டுமே. மரத்தடியில் நின்று சோறா கேட்கிறது?" என்றார். எங்களுக்கும் அவ்வாறே தோன்றியது. தந்தையார் மறைந்தபின் அவர் கைபட்ட பொருளாக வீட்டில் எஞ்சியது அதுதான்.

ஆனால் நிற்கும் வண்டி சோறு கேட்கத்தான் செய்கின்றது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, உருளைகளை உள்ளிருந்தே துருவேற்றும். தொட்டியிலுள்ள பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும். டயர்கள் ஒரே பாரத்தைத் தாங்கித் தட்டையாகும். இப்போது விற்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால். பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் அது அரிக்கின்றது. தந்தையார் இருந்தவரை ஞாயிறுதோறும் எஞ்சினை ஓடவிடுவார்; கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் புகுவார். அவருக்குப்பின் எங்களில் ஒருவரும் புகவில்லை. வைத்திருக்கின்றோம் என்று சொல்லிக்கொண்டோமேயன்றி, உண்மையில் துருவுக்கு அதனைத் தவணை முறையில் விற்றுக்கொண்டிருந்தோம்.

2028 வரை பொறுத்தாலும் பயன் யாது? தொன்மைப் பதிவு பெற்ற வண்டியை அன்றாடம் ஓட்டலாகாது. கண்காட்சிக்கும், அணிவகுப்புக்கும், பழுதுபார்க்கவும், பெட்ரோல் போடவுமே தெருவில் இறக்கலாம். காய்கறிச் சந்தைக்கும் ரயிலடிக்கும் போய்வந்த வண்டிக்கு அது ஒரு வாழ்வா என்று எங்கள் தங்கை கேட்டாள். அதற்கு எங்களிடம் விடையில்லை.

விற்பதென்று துணிந்தபின் மூவர் வந்தனர். காயலான் கடைக்காரர் எடைக்கு விலை பேசினார். சினிமாவுக்கும் கல்யாணத்துக்கும் வண்டி வாடகைக்கு விடுபவர் அதைப்போல் இருமடங்கு தருவதாகவும், சிவப்பு வண்ணம் பூசப்போவதாகவும் சொன்னார். மூன்றாமவர் திருச்சியில் பட்டறை வைத்திருப்பவர். விலை பேசாமல் அரைமணி நேரம் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தார். எழுந்து வந்து, "டார்ஷன் பார் நன்றாக இருக்கிறது. யாரோ நெடுங்காலம் கிரீஸ் வைத்திருக்கிறார்கள். பிறகு ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்றார். வாடகைக்காரர் சொன்னதிலும் 30,000 ரூபாய் குறைத்தே கேட்டார்.

அத்தொகை எங்களுக்குச் சிறிதன்று. வீட்டில் ஒரு கல்லூரிக் கட்டணம் காத்திருந்தது. எங்களுள் மூத்தவர் இரண்டாமவருக்கே கொடுப்போம் என்றார். அதுவரை வாய் திறவாதிருந்த தாயார், "கேள்வி கேட்டவருக்குக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லி உள்ளே போனார்.

தடையில்லாச் சான்று பெற்று, வண்டியை லாரியில் ஏற்றினோம். தமிழ்நாட்டில் தகுதிச் சோதனைக்குப்பின் மறுபதிவு செய்து ஓட்ட இடமுண்டு. (இத்தகைய வண்டி வைத்திருப்போர் சான்று கைக்கு வருமுன் லாரிக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்; நாங்கள் கொடுத்து ஏழாயிரம் இழந்தோம்.) லாரி புறப்படும் வேளையில் தாயார் பரணிலிருந்து கிரீஸ் கன்னை எடுத்து வரச் செய்து, துணியால் துடைத்து, அவர் கையில் கொடுத்தார். அதற்கு விலை பேசவில்லை.

சென்ற திங்கள் அவர் திருச்சியிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார். வண்டி அதே வெள்ளைதான். பின் இருக்கையில் வாழைத்தார்.